நாலு சொட்டு எண்ணெய்

எங்கள் வீட்டு வாசலில் கோலம் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் ஜீப் நிற்கும். ஆகையால் ஜீப் ஒழுகுகிறது என்ற செய்தி எப்போதும் எனக்கு முன்னால் என் மனைவிக்குத் தெரிந்துவிடும். "உங்க வண்டி இன்னிக்கு நாலு புள்ளி வச்சிருக்கு. இழை இழுக்க வேண்டியதுதான் பாக்கி" என்பாள்.

அந்த ஜீப்பைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். அமெரிக்கச் சேனைக்காக 1941இல் வில்லிஸ் கம்பெனி செய்த வண்டியின் வம்சம். யுத்தம் முடிந்தபின் மகிந்திராக்காரர்கள் பம்பாயில் பூட்ட ஆரம்பித்து, பிறகு ஊர் ஊராக யூனியன் ஆபீஸ் வாசல்களில் நின்றதே, அந்த ஜாதி. அப்பா 1987இல் சர்க்கார் ஏலத்தில் எடுத்தார். இன்று அப்படி எடுக்க முடியாது. பதினைந்து வயது கடந்த சர்க்கார் வண்டிகளை உடைத்துவிட வேண்டும் என்று 2023 ஏப்ரல் முதல் விதி.

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்கு மேற்கே, வெண்ணாற்றங்கரையில். களிமண் பூமி. ஐப்பசி மழையில் வயல்பக்கம் கார் போனால் டிராக்டர் போய்த்தான் அதைக் கூட்டி வர வேண்டும். நாற்று முடி, உர மூட்டை எல்லாம் ஜீப்பில்தான்.

தாத்தாவின் வில்வண்டிக்கு வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்த மை போதுமாக இருந்தது. ஜீப்புக்கு அப்படியா? எஞ்சினுக்கு ஓர் எண்ணெய், கியருக்கும் அச்சுக்கும் வேறொன்று. போன வருஷம் ஒரு வீம்பு வந்தது எனக்கு. மெக்கானிக்கைத் தேடி அலையாமல் நாமே பார்த்துக்கொள்வோம் என்று கோணியை விரித்து ஜீப்புக்கு அடியில் படுத்தேன். கதை எழுதுகிறவனுக்கு அது நல்ல இடம். யாரும் வந்து பேச மாட்டார்கள்.

ராத்திரி பழைய பத்திரிகைத் தாளை அடியில் விரித்து வைத்தால் காலையில் படிக்க விஷயம் இருக்கும். கறுப்பாக, நீர்த்து இருந்தால் எஞ்சின் எண்ணெய். கெட்டியாக, கந்தக நெடி அடித்தால் கியர் ஆயில். ஆனால் சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே ஓட்டையைத் தேடினால் ஏமாந்து போவோம். ஓடுகிற வண்டியில் காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளிக்கொண்டே போய் எங்கோ சொட்ட வைக்கும். மண்ணெண்ணெய் போட்டு அடிப்பாகத்தை நன்றாகக் கழுவித் துடைத்து, முகப் பவுடரைத் தூவி, இரண்டு மைல் ஓட்டிவிட்டு வந்து பார்க்க வேண்டும். பவுடர் எங்கே நனைந்திருக்கிறதோ அங்கேதான் ஊற்று. மனைவியின் பவுடர் டப்பா காலியான கதை இங்கே வேண்டாம்.

எஞ்சின் சொட்டு, கீழ்த்தொட்டியின் கார்க் பாக்கிங்கை மாற்றியதும் நின்றது. கியர் பெட்டியில் வாஷர்தான். நாலில் இரண்டு போயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த உற்சாகத்தில் அடியில் தொங்கிக்கொண்டிருந்த ஒட்டுப்போட்ட வேலைகளையெல்லாம் களைந்து, வண்டியை அசலாக்கிவிட வேண்டும் என்று கிளம்பினேன்.

மூன்றாவது சொட்டு பின் அச்சுடையது. அதைப் பெரிதாக நினைக்கவில்லை. மேட்டூர் திறந்து ஆறு கரைமட்டம் ஓடிக்கொண்டிருந்த ஒரு நாள். கரைமேல் வந்துகொண்டிருக்கிறேன். பக்கத்தில் பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு என் பெண். எதிரே ஒரு கன்றுக்குட்டி ஓடி வந்தது. பிரேக்கை மிதித்தேன். இடது பின்சக்கரம் பிடிக்கவில்லை. வண்டி வலப்பக்கம், ஆற்றுப்பக்கம், இழுத்தது. ஒரு பூவரச மரத்தை உரசிக்கொண்டு நின்றோம். "அப்பா, பை கீழே விழுந்துடுச்சு" என்றாள் பெண். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து டிரம்மைக் கழற்றினால் பிரேக் ஷூ எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்த வடை மாதிரி இருந்தது. அச்சு எண்ணெய் சீலைத் தாண்டி வந்திருக்கிறது. ஷூவை மாற்றினேன். சீல் மாற்றினேன். நாற்பது நாளில் மறுபடி கசிவு. மறுபடி மாற்றினேன். மூன்றாம் தடவை வலப்பக்கமும், நடுவே பினியன் சீலும் சேர்ந்துகொண்டன. கீழே வடித்த எண்ணெய் பால் விட்ட காப்பி நிறத்தில் வந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது. மூன்று சீலும் ஒரே சமயத்தில் எப்படிக் கெடும் என்ற கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

"போதும், குடுத்துடுங்க" என்றாள் மனைவி. காயலான் கடைக்காரர் வந்து இரண்டு சுற்றுச் சுற்றி, டயரை உதைத்துப் பார்த்து, ஒரு தொகை சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அப்பா திண்ணையிலிருந்து கூப்பிட்டார். இரண்டு வருஷமாக அவருக்குக் கண் தெரியாது. "என்னை வண்டிகிட்ட கொஞ்சம் அழைச்சுக்கிட்டுப் போடா."

முக்காலியைப் பின்சக்கரத்தோரம் போட்டு உட்கார வைத்தேன். குனிந்து, அச்சின் மேல்புறமாகக் கையை ஓட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்றது கை.

"ட்யூப் எங்கேடா?"

எனக்குச் சுருக்கென்றது. அச்சின் மேலிருந்து ஸீட்டுக்குப் பின்புறம் வரை நூல் கயிற்றால் கட்டிய ஒரு பழைய ரப்பர் குழாய் இருந்தது. அசலாக்குகிற உற்சாகத்தில் அதை அறுத்தெறிந்து, கடையில் விற்கிற மூடியைப் போட்டவன் நான்தான்.

வண்டி ஓடும்போது அச்சுக்குள் பல்சக்கரங்கள் சுற்றிச் சூடேறுகின்றன. உள்ளே இருக்கிற காற்று விரிகிறது. அது வெளியேற மேலே ஒரு சிறு துவாரம் உண்டு. அது அடைபட்டால் காற்று எண்ணெயைத் தள்ளிக்கொண்டு சீல் வழியாகத்தான் வெளியே வரும். சூடான அச்சு வாய்க்கால் தண்ணீரில் இறங்கிக் குளிர்ந்தாலோ, அதே சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். எங்கள் வயல் சேற்றுக்கு எட்டாமல் அப்பா அந்த மூக்கைக் குழாய் வைத்து உயரத் தூக்கியிருந்தார். நான் போட்ட மூடியைக் கழற்றினேன். களிமண் செங்கல்லாக இறுகிக் கிடந்தது.

"நான்தான் எடுத்துட்டேன்ப்பா" என்றேன்.

"எத்தனை வாட்டி சீல் மாத்தினே?"

"மூணு."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். "பெட்ரோல் ட்யூப்பா பார்த்து ரெண்டு முழம் வாங்கிட்டு வா. நூல் கயிறு பரண்மேலே இருக்கு."

மறுநாள் குழாயை நான் மாட்டினேன். கயிற்றை மட்டும் அவரே கட்டுவேன் என்றார். தடவித் தடவி மூன்று முடிச்சுப் போட்டார். அரைமணி ஆயிற்று.

நான் இல்லாதபோது காயலான் கடைக்காரர் மறுபடி வந்தாராம். அப்பா என்ன சொன்னாரோ, அப்புறம் அவர் எங்கள் தெருப்பக்கம் வருவதில்லை. பின் அச்சு காய்ந்து கிடக்கிறது. கோலத்தோரம் இப்போது ஒரே ஒரு சொட்டு. அது டிரான்ஸ்பர் கேஸிலிருந்து. தை அறுப்பு முடிந்ததும் அதைப் பிரிக்கலாம் என்றிருக்கிறேன், அப்பாவைக் கேட்டுக்கொண்டு.