மலைப்பாதை - 5: விளக்கு வைக்கும் நேரத்துப் பழுப்பு

போன மாசியில் வத்தல்மலையில் பார்த்த சருகு நிறப் பட்டாம்பூச்சியை, இரண்டு இதழுக்கு முன் இந்தத் தொடரில் ‘கீழே காணக் கிடைக்காத மலைச் சாதி’ என்று எழுதித் தொலைத்துவிட்டேன். எழுதும்போது கை கூசவில்லை. அச்சில் பார்த்த பிறகுதான் உறுத்தியது. ஆவணி முதல் வாரம் மறுபடி மலையேறியதற்குக் காரணம் அந்த உறுத்தல்தான்.

தர்மபுரியிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் போல. அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள். எண்ணிக்கொண்டே வந்து பாதியில் கணக்கு விட்டுப்போனது. மேலே சில்வர் ஓக், அதைச் சுற்றிய மிளகுக்கொடி, நிழலில் காப்பிச் செடி. உயரம் ஆயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் கூட. தர்மபுரி வெயிலில் வெந்தவனுக்கு இதுவே இமயமலை. என் தப்புக்கு வித்தும் இந்த நினைப்புதான்.

உண்மையான மலைப் பழுப்புகள் வேறு. ஆல்ப்ஸிலும் சைபீரியாவிலும் ராக்கி மலைகளிலும் எரீபியா என்றொரு பேரினம் இருக்கிறது. ஏறத்தாழ நூறு இனங்கள், பெரும்பாலும் கரும்பழுப்பு. குளிரில் பறக்க உடம்பு சூடேற வேண்டுமே, கருத்த சிறகை விரித்து வெயில் காய இந்த நிறம் தோது. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் வாழும் ஒரு வகை, மேகம் சூரியனை மறைத்தால் போதும், புல்லுக்குள் விழுந்து ஒளிந்துகொள்ளும். நம் பக்கம் அந்தப் பேரினமே கிடையாது. அதன் தூரத்து உறவு வேண்டுமானால் நீலகிரிப் புல்வெளிக்குப் போக வேண்டும். அங்கே சிறகோரம் மஞ்சள் வளையமிட்ட கண்களோடு ‘நீல்கிரி ஃபோர்ரிங்’ என்ற சின்னப் பழுப்பு புல்நுனியில் தத்தித் திரியும். 1834 முதல் 1839 வரை இந்தியாவில் சுற்றிய பிரெஞ்சுப் பயணி அடால்ஃப் டெலசேரின் பயண நூல் 1843-ல் வந்தபோது, அந்தப் பூச்சிக்கும் அறிவியல் பெயர் கிடைத்தது. பயணக் கட்டுரை எழுதி ஒரு பூச்சிக்குப் பெயர் வாங்கித் தந்தவர் அவர். நான் எழுதி, இருக்கிற பூச்சியின் ஊரையே மாற்றிவிட்டேன்.

சாயங்காலம் தோட்டத்தில் கடைசிப் பலா ஒன்று விழுந்து வெடித்துக் கிடந்தது. புளித்த வாசனை. அதன்மேல் நாலைந்து பழுப்புப் பூச்சிகள், சிறகை மூடி, உறிஞ்சு குழலைச் சுளைக்குள் இறக்கி அசையாமல் நின்றன. குனிந்து பார்த்தேன். சிறகின் அடிப்புறம் மெல்லிய வரிகள், ஓரத்தில் மஞ்சள் வளையத்துக்குள் கருங்கண்கள். மாசியில் பார்த்ததற்குக் கண் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை; காய்ந்த இலைபோல் நரம்பும் கறையும்தான் இருந்தது. அப்படியானால் இது வேறு, அது வேறு என்று மனசுக்குள் ஒரு துள்ளல்.

தோட்டத்துப் பெரியவர் சிரித்தார். “ரெண்டும் ஒண்ணுதாங்க சாரு. மழைக்கு ஒரு வேசம், காச்சலுக்கு ஒரு வேசம். பூவாண்ட போவாது இது, அழுகல்தான் வேணும். பகல்ல மிதிக்கப்போனாதான் எந்திரிக்கும். வெளக்கு வெக்கிற நேரத்துக்குத்தான் அதுக்குப் பொழுது விடியும்.”

அவர் சொன்னதைத்தான் பூச்சி நூல்கள் ‘ஈவினிங் பிரவுன்’ என்ற பெயரில் சொல்கின்றன. மெலானிடிஸ் லீடா. ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரை பரவியது. தலையில் இரண்டு கொம்போடு நெற்பயிரைத் தின்னும் பச்சைப் புழு இதன் பிள்ளைதான். மலைச் சாதியாவது, மண்ணாங்கட்டியாவது!

வேசம் எப்படி மாறுகிறது? மழைக்காலத்தில் எங்கும் பச்சை. சருகாக நடித்துப் பயனில்லை. அப்போது சிறகோரக் கண்ணைப் பார்த்துப் பல்லியோ குருவியோ கொத்தினால், போவது ஒரு துண்டுச் சிறகு, உயிரல்ல. மழையில்லாத மாசங்களில் சருகோடு சருகாகக் கிடப்பதே பிழைப்பு; கண் இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் பால் பிரேக்ஃபீல்ட் குழுவினர், இதன் ஆப்பிரிக்க உறவான பைசைக்ளஸ் அனைனானாவை வளர்த்துப் பார்த்தார்கள். புழு வளரும் கடைசி நாட்களின் வெப்பம்தான் தீர்மானிக்கிறது: குளிர்ந்தால் கண் சுருங்கும், வெதுவெதுப்பில் விரியும். இங்கும் அதே கணக்கு என்றால், மாசியில் நான் பார்த்தது தை மாசக் குளிரில் வளர்ந்த புழு. காய்ச்சல் காலத்து வேசத்தில் ஒன்றுபோல் இன்னொன்று இருப்பதும் அரிது. ஒன்று செம்மண் நிறம், ஒன்று சாம்பல், ஒன்றில் கருந்திட்டு. என் மாதிரி ஆட்கள் ஏமாறவே செய்துவைத்தது போல.

இருட்டியதும் பெரியவர் வீட்டுத் திண்ணையில் பல்பு போட்டார்கள். சாமைச் சோறும் அவரைக் குழம்பும். இரண்டு கவளம் இறங்கியிருக்காது, ஒரு பழுப்பு வந்து பல்பில் மோதி, சுவரில் ஒட்டிக்கொண்டது. தர்மபுரியில் என் வீட்டு வராந்தாவில், மழை விட்ட ராத்திரிகளில் ட்யூப்லைட்டில் வந்து மோதுமே, அதேதான். துடைப்பத்தால் பலமுறை தள்ளிவிட்டிருக்கிறேன்.

“இதுக்கா சாரு கீழேருந்து வந்தீங்க?” என்றார்.

நான் இன்னொரு கரண்டி குழம்பு கேட்டேன். அடுத்த இதழில் சித்தேரி.