கண்மாய்ப் பந்தி

சித்தன்னவாசலில் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி கண்டவர்கள் பலர். நானும் அந்தக் கோஷ்டியில் சேர்ந்துகொண்டேன். புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகும் வழியில் 16 கிலோமீட்டர். பாறையைக் குடைந்த சமணர் கோயில். அதன் விதானத்தில் 9-ம் நூற்றாண்டில் தீட்டிய ஒரு தாமரைத் தடாகம். வர்ணம் பல இடங்களில் உதிர்ந்துவிட்டது. தடாகம் மட்டும் வற்றவில்லை. இலைகளுக்கு நடுவே மீன்கள் நழுவுகின்றன, அன்னங்கள் மிதக்கின்றன, யானையும் எருமையும் இறங்கியிருக்கின்றன. பூப்பறிக்கும் ஆட்களும் உண்டு. யாரும் யாரையும் முறைக்கவில்லை.

"சித்திரத்தில் எல்லாம் சமர்த்தாகத்தான் இருக்கும், ஸார்! நிஜக் குளத்தில் போய்ப் பாருங்கள், அடிதடியை!" என்றார் கூட வந்த புகைப்பட நண்பர்.

பார்த்துவிடுவோமே என்று மறுநாள் விடியுமுன் திருமயம் பக்கத்தில் ஒரு கண்மாய்க் கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். தை மாதப் பனி. புதுக்கோட்டைச் சீமைக்கு வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து வைக்க முன்னோர்கள் ஆயிரக் கணக்கில் கண்மாய்களும் குளங்களும் வெட்டி வைத்தார்கள். அப்படி ஒன்று இது.

அடிதடி எங்கே? பந்தியல்லவா நடந்துகொண்டிருந்தது! கரையோரம் கணுக்கால் தண்ணீரில், கடன்காரனைக் கண்டு ஒளிந்தவன் மாதிரி அசையாமல் நின்றது குருட்டுக் கொக்கு. சற்று உள்ளே, முழங்கால் ஆழத்தில், பெரிய வெள்ளைக் கொக்கு. அதற்கும் அப்பால் கரண்டிவாயன். குழம்பைத் துழாவுகிற மாதிரி அலகை இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டே நடக்கிறது, அகப்பட்டதை விழுங்குகிறது. மஞ்சள் மூக்கு நாரைக்குக் கண்ணே வேண்டாம். அலகைப் பாதி திறந்து கலங்கல் நீருக்குள் விட்டு வைக்கும். மீன் உரசியதும் டப்பென்று மூடிக்கொள்ளும். இதன் அமெரிக்க உறவுக்காரப் பறவை எத்தனை வேகத்தில் மூடுகிறது என்று 1960-களில் அளந்து பார்த்தார்கள். ஒரு விநாடியை 40 கூறு போட்டால் அதில் ஒரு கூறு!

எனக்குப் பிடித்தது நத்தைகுத்தி நாரைதான். அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும். பிறவிக் கோளாறு என்று நினைத்தேன். இல்லையாம். குஞ்சுக்குச் சந்து கிடையாது. வளர வளரத்தான் விழுகிறது. அந்த அலகால் நத்தை ஓட்டை உடைக்காமலே உள்ளிருக்கும் சதையை உருவி எடுத்துவிடுகிறது. நம் வீட்டில் முருங்கைக்காயைச் சாப்பிடத் தெரியாத மாப்பிள்ளைகள் போய்ப் பாடம் கேட்கலாம்.

ஆழத்தில் நீர்க்காகம் முங்கி மீனைத் துரத்துகிறது. நாமக்கோழிக்குப் பெரும்பாலும் பாசியும் பூண்டும். கரைமேல் மேயும் எருமைகளின் காலடியில் கிளம்பும் வெட்டுக்கிளிக்காக உண்ணிக் கொக்குகள் கூடவே நடக்கின்றன. விளக்கு வைக்கும் நேரத்தில் வக்கா வருகிறது, இரவு ஷிப்டுக்கு. ஒரே தண்ணீர்தான், ஆனால் இலை வேறு, நேரம் வேறு.

ரஷ்யாவில் கௌஸ் என்ற விஞ்ஞானி இதைக் கண்ணாடிக் குழாயில் செய்து பார்த்து 1934-ல் புத்தகம் எழுதினார். கண்ணுக்குத் தெரியாத இரண்டு ஜாதிப் பிராணிகளைச் சேர்த்து விட்டு ஒரே தீனி போட்டார். சில நாளில் ஒன்று பூண்டோடு அற்றது. வேறு ஜோடியை விட்டபோது, ஒன்று அடியிலும் மற்றது மேல்மட்டத்திலும் மேய்ந்தன. இரண்டும் பிழைத்தன.

கரையில் ஆடு மேய்த்த ஓர் ஆத்தாளிடம் இதையெல்லாம் சொன்னேன். குழாய் சமாசாரம் அவளை அசைக்கவில்லை.

"முன்னே இந்த மடைக்கிட்ட ஆனை முங்கும் தம்பி. இப்ப வண்டல் மேவிப் போச்சு. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசமே இல்லை. பங்குனியிலேயே காஞ்சிடுது. சித்திரையிலே வந்து பாருங்க, உங்க பந்தியை!"

போனேன். கண்மாய் நடுவே சேற்றுக் குட்டைகள்தான் மிச்சம். ஆழம் இல்லாததால் நீர்க்காகத்தின் இலை பறிபோயிருந்தது. எல்லாப் பறவையும் ஒரே குழியில். கொக்கு பிடித்ததைக் கருடன் வந்து தட்டிப் பறித்தது. நண்பர் கேட்ட அடிதடி கிடைத்துவிட்டது, அவர்தான் வரவில்லை.

அன்று மீன்பிடித் திருவிழா வேறு. சுற்றுவட்டாரம் முழுதும் ஊத்தாவும் வலையுமாகக் கரையில் காத்து நின்றது. ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒருவரும் கால் நனைக்கக் கூடாது. பிடித்ததை விற்கவும் கூடாது, வீட்டுக் குழம்புக்குத்தான்.

ஆனால் முதல்நாள் இரவு ஊரில் ஒரே தகராறாம். குட்டைக்கு நடுவே நிற்கும் கருவேல மரங்களில் கொக்குக் குஞ்சுகள் இன்னும் பறக்கவில்லை. "அதுக்குள்ள மீனையும் வெயில் குடிச்சிடும், நம்ம புள்ளைகளுக்கு என்ன?" என்று ஒரு கட்சி. "அம்பது கூட்டிலே வாயைப் பொளந்துக்கிட்டு இருக்கே, அது புள்ளையில்லையா?" என்று ஆத்தாள் கட்சி. கடைசியில் மரத்தடிப் பள்ளத்தை விட்டுவிட்டு, மடைப்பக்கம் மட்டும் இறங்குவது என்று முடிவாயிற்று. இரண்டு கட்சிக்கும் முழுத் திருப்தி இல்லை.

துண்டு வீசியதும் சேறு கொதித்தது. விரால் சொற்பம். கெளுத்தி கொஞ்சம். மற்றதெல்லாம் ஜிலேபி. ஆப்பிரிக்காவில் பிறந்து 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன் இது. பாசி, புழு, எதையும் விடாது. தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பதால் பெருகிக்கொண்டே போகும். அழையாத விருந்தாளி எல்லா இலையிலும் உட்கார்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உச்சி வெயிலில் ஜனம் கலைந்தது. மரத்தடிப் பள்ளத்தில் தாய்க் கொக்குகள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. ஆத்தாளின் ஓலைப் பெட்டியில் நான்கே கெளுத்தி. வேண்டாம் வேண்டாம் என்றும் கேளாமல் இரண்டை இலையில் சுற்றி என் கையில் திணித்தாள். புதுக்கோட்டை பஸ்ஸில் கண்டக்டர் மூக்கைச் சுளித்து, என்னைக் கடைசி ஸீட்டுக்கு அனுப்பினார்.