டூங்காபியில் அருகம்புல்

சிட்னியின் மேற்கே டூங்காபி, வெண்ட்வர்த்வில், பெண்டில் ஹில் பக்கம் ஒரு நடை போனால் நம்மவர்கள் வீட்டைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். கறிவேப்பிலையும் முருங்கையும் காட்டிக்கொடுத்துவிடும். புல்தரையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. 2019 டிசம்பரில் எல்லார் வீட்டுப் புல்லும் ஒரே வைக்கோல் நிறம்.

அந்த மாசம் 10-ஆம் தேதி இரண்டாம் நிலைத் தண்ணீர்க் கட்டுப்பாடு வந்தது. தோட்டத்துக்கு ஹோஸ் பிடிக்கக் கூடாது. காலை 10 மணிக்கு முன், இல்லை மாலை 4-க்குப் பின், வாளியிலோ பூவாளியிலோ ஊற்றலாம். மீறினால் 220 டாலர் அபராதம். மாஸ்டர்ஸ் படிக்க வந்து, வேலையில் சேர்ந்து, வாங்கிய முதல் வீடு. நாலு வயசு மகள் ஓடியாடவென்றே பின்னால் புல்தரை உள்ள வீடாகத் தேடியிருந்தோம். இப்போது கால் வைத்தாலே மொறுமொறு என்றது. பிடுங்கிவிட்டுச் செயற்கைப் புல் போட விலைகூடக் கேட்டுவிட்டேன்.

அப்போது சென்னையிலிருந்து அப்பா வந்திருந்தார். அந்த வருஷம்தான் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் கிட்டத்தட்ட வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது. குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தவரிடம் என் புல் கவலையைச் சொல்லவே வெட்கமாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. குனிந்து ஒரு தண்டை இழுத்தார்.

"டேய், இது அருகம்புல்டா. பிள்ளையாருக்கு வைக்கிறது. இதைப் போய் செத்துடுச்சுங்கிறியே! மேலதான் காஞ்சிருக்கு. கணுவைப் பாரு."

நம்பாமல் தேடிப் பார்த்தேன். இங்கே 'கூச்' என்கிற புல்லும் நம் அருகம்புல்லும் ஒரே இனம்தான். தண்ணீர் இல்லாவிட்டால் இலையைக் காயவிட்டு, தண்டிலும் வேரிலும் உயிரைப் பிடித்துக்கொண்டு தூங்கும்.

செயற்கைப் புல்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெயிலில் அதில் பிள்ளை வெறுங்காலோடு நிற்கவும் முடியாது.

பிறகு அப்பா சொன்னதுதான் சட்டம். புல்வெட்டும் மெஷினின் கத்தியை உயர்த்தி வைத்தோம். புல் நீளமாக இருந்தால் மண்ணுக்கு நிழல். உரத்தை நிறுத்தினோம், புதுத் துளிர் தண்ணீர் கேட்கும். ஷவரில் சுடுதண்ணீர் வரும்வரை வீணாவதை வாளியில் பிடித்தோம். தினமும் எல்லா இடத்திலும் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும் என்று, நாளுக்கு ஒரு பக்கமாக நிறைய ஊற்றினார். தாத்தா கையில் பெரிய வாளி, பேத்தி கையில் பீச்சுக்கு எடுத்துப்போகும் குட்டி வாளி. ஜனவரி 4-ஆம் தேதி பென்ரித்தில் 48.9 டிகிரி. அன்று மட்டும் இரண்டு பேரும் வெளியே போகவில்லை.

ஜனவரி கடைசியில் அப்பா கிளம்பும்போதும் புல் வைக்கோலாகவே இருந்தது. "மழை பெய்யட்டும், போட்டோ அனுப்பு" என்றார். பிப்ரவரி 7-லிருந்து நாலே நாளில் சிட்னியில் 390 மில்லிமீட்டர் மழை. சில நாளில் கணுவுக்குக் கணு பச்சை. வீடியோ காலில் மகள் போனைப் புல்லோடு ஒட்டவைத்துக் காட்டினாள். "அடுத்த லீவுக்கு வந்து பார்க்கிறேன்டா கண்ணு" என்றார்.

மார்ச்சில் நாட்டின் எல்லை மூடியது. அவர் திரும்ப வந்தது 2022-இல். நடுவில் வந்த இரண்டு பிள்ளையார் சதுர்த்திக்கும் அருகம்புல் பின்பக்கத்திலிருந்துதான். பறித்தது மகள். அதற்கு அவள் வைத்த பெயர் 'தாத்தா புல்'. திரும்பி வந்த அன்று, பெட்டியைக்கூடத் திறக்கவிடாமல் கையைப் பிடித்து நேராக அங்கேதான் கூட்டிப் போனாள்.

இந்தக் கோடையில் உங்கள் வீட்டுப் புல் காய்ந்தால், பிடுங்குவதற்கு முன் ஒரு தண்டை இழுத்துப் பாருங்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் வாளியை அவர்களிடம் கொடுங்கள். பிள்ளையையும் கூடவே அனுப்புங்கள்.