தண்ணி சேர்க்காத ஒரு பலகாரம்



ஏர், மாடு, மழைன்னு எழுதிக்கிட்டிருந்த ஆளு இன்னைக்கு "லெமன் டார்ட்" பத்தி எழுத வந்துட்டானேன்னு பட்டணத்துல இருக்கிற நீங்க சிரிக்கலாம். சிரிச்சிட்டுப் படிங்க. செய்முறையும் சொல்றேன், அதுக்குப் பின்னாடி இருக்கிற கதையையும் சொல்றேன்.

என் மகள் ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில தையல் பிரிவுல வேலை செய்யறா. அவளோட வேலை செய்யறவங்க ஆறு பேர் ஒரு ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வர்றதா சொன்னா. கழனி பாக்கணுமாம். கேட்டதும் என் வீட்டுக்காரிக்குக் கவலை வந்திடுச்சு. வர்றவங்கள்ல மூணு பேர் ஆம்பூர் டவுன்ல முஸ்லிம் வீட்டுப் பொண்ணுங்க. சீரகச் சம்பாவுல வீட்டுலயே தம் போட்டுச் சாப்பிடறவங்களுக்கு நாம பிரியாணி போடறது, கொல்லன் தெருவுல ஊசி விக்கற கதை. அதனால சைவச் சாப்பாடுன்னு முடிவாச்சு. இனிப்புக்கு ஆற்காடு மக்கன் பேடா வாங்கிடலாம்னு நான் சொன்னேன்.

"கடையில எதுக்குப்பா? நம்ம மரத்து எலுமிச்சம்பழத்துலயே ஒண்ணு செய்யலாம்"னு மகள் செல்போன்ல காட்டினா. உள்ளங்கை அகலம்கூட இல்லாத சின்னச் சின்னக் கிண்ணம். பிஸ்கட்டுல செஞ்ச கிண்ணம், உள்ள மஞ்சளா எலுமிச்சை. இதுக்குப் பேருதான் டார்ட்டாம்.

இங்க நம்ம எலுமிச்சை மரத்தைப் பத்திச் சொல்லணும். அதுக்கு முன்னாடி கிணத்தைப் பத்திச் சொல்லணும்.

நான் சின்னப் பையனா இருந்தப்போ யார் வீட்டுக்கு வந்தாலும் முதல்ல ஒரு சொம்பு தண்ணி. அப்புறம்தான் "வாங்க, உக்காருங்க". பாலாத்து ஓரத்துக் கிணறு எங்களது, அவ்வளவு ருசியா இருக்கும். எங்க தாத்தா வண்டியில போறவங்களைக்கூட நிறுத்தி, குடிச்சிட்டுப் போகச் சொல்லுவாரு.

தோல் பதனிடறது இந்தப் பக்கத்துக்குப் புதுசு இல்ல. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு ரொம்பக் காலமா செஞ்சிக்கிட்டிருந்தாங்க. குரோம் போட்டுப் பதனிடறது வந்தப்புறம் தொழில் பெருசாச்சு, கழிவும் மாறிச்சு. குரோம் மட்டும் இல்ல, உப்பும் உண்டு. பச்சைத்தோல் அழுகாம இருக்க உப்புப் போட்டுத்தான் அனுப்புவாங்க. அதை ஊறவெச்சுக் கழுவற முதல் தண்ணியிலயே அந்த உப்பெல்லாம் வெளிய வந்துடும். அது ஆத்துலயும் நெலத்துலயும் வருஷக்கணக்கா எறங்கினா கிணறு என்னாகும்? 1996 ஆகஸ்ட் 28-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துச்சு. கெடுத்தவங்கதான் ஈடு கட்டணும், கழிவைச் சுத்தம் பண்ணாத டேனரி ஓடக்கூடாதுன்னு சொன்ன பெரிய தீர்ப்பு. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வேலை செய்யுது. இருந்தாலும் எங்க கிணத்துத் தண்ணியில இன்னைக்கும் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது.

எலுமிச்சைக்கு உப்புத் தண்ணி ஆகவே ஆகாது. ஒரு காலத்துல கிணத்தோரமா முப்பது கன்னு வெச்சேன். எல்லாத்துக்கும் எலை நுனி கருகிச்சு, அப்புறம் எலை கொட்டிச்சு, மூணு வருஷத்துல விறகாப் போச்சு. மிஞ்சினது வீட்டுப் பின்னாடி, சமையக்கட்டு ஓரமா நிக்கிற ஒரே மரம். பஞ்சாயத்துக் குழாய்ல வர்ற தண்ணியில என் வீட்டுக்காரி அரிசி களைஞ்சு, காய் கழுவி ஊத்தறதையும், கூரையிலேர்ந்து வழியற மழைத் தண்ணியையும் குடிச்சு வளந்தது.

இப்ப செய்முறை. சுமார் இருபது டார்ட் வரும்.

மாரி பிஸ்கட் 200 கிராம் எடுத்து மிக்ஸியில பொடியாக்குங்க. உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம் உருக்கி ஊத்திப் பிசிறுங்க. கையில பிடிச்சாப் பிடிபடணும். அச்சு வேணுமேன்னு அலைய வேணாம், பணியாரக்கல் போதும். குழிக்கு ஒரு சின்னக் காகிதக் கப் வெச்சு, அதுல ஒரு ஸ்பூன் பொடியைப் போட்டு, ஒரு சின்ன எலுமிச்சம்பழத்தாலயே அமுக்குங்க. அடியிலயும் ஓரத்துலயும் கிண்ணம் மாதிரி படிஞ்சிடும். கப்போட எடுத்துத் தட்டுல அடுக்கி அரைமணி நேரம் ஃப்ரிட்ஜுல வைங்க.

உள்ள ஊத்தறதுக்கு ஒரு டின் கண்டென்ஸ்டு மில்க், சுமார் 400 கிராம். அதுல எலுமிச்சைச் சாறு கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் கலக்குங்க. நம்ம நாட்டுப் பழம்னா ஆறு பழச் சாறு சரியா இருக்கும். வெளிநாட்டுக்காரங்க சொல்ற லெமன் பெரிசா, தடிச்ச தோலோட இருக்கும். நம்மது சின்னது, புளிப்பு கூட. ருசி பாத்து விடுங்க. சாதாரணப் பால்ல எலுமிச்சை விட்டாத் திரிஞ்சு போகும். இது சக்கரை போட்டுச் சுண்டக் காய்ச்சின பால்ங்கறதால திரியாம, கலக்கக் கலக்கக் கெட்டியாகும். கொஞ்சம் பழத்தோலும் துருவிப் போடலாம், ஆனா மேல இருக்கிற மஞ்சள் மட்டும். முதல் தடவை நான் ஆர்வத்துல வெள்ளை வரைக்கும் துருவிட்டேன். எல்லாமே கசந்து, அதை நாங்களே தின்னு தீர்த்தோம்.

கலவையைக் கிண்ணத்துல ஊத்தி மூணு மணி நேரம் ஃப்ரிட்ஜுல வெச்சா வேலை முடிஞ்சுது. அடுப்பு வெண்ணெய் உருக்க மட்டும்தான். முட்டையும் கிடையாது.

செஞ்சு முடிச்சப்புறம் என் வீட்டுக்காரி, "ஏங்க, இதுல ஒரு சொட்டு தண்ணிகூடச் சேக்கலையே"ன்னா. எனக்குச் சுருக்குன்னுச்சு. வந்தவங்களுக்கு எலுமிச்சை சர்பத் போட்டாக்கூட கேன் தண்ணியிலதான் போடணும். இதுல அது வேணாம். பழம் எங்களது, அது போதும். ஆனா ஃப்ரிட்ஜைத் தொறக்கும்போது இன்னொண்ணும் தோணிச்சு. அது மகள் சம்பளத்துல தவணையில வாங்கினது. அந்தச் சம்பளம் தோல்லேர்ந்து வர்றது. திட்டறதா இருந்தா நான் எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது, சொல்லுங்க.

ஞாயித்துக்கிழமை வந்தாங்க. அவங்கள்ல ஒரு அம்மா எங்க வயசு, லைன் சூப்பர்வைசர். கழனியைச் சுத்திட்டு வந்தவங்க கிணத்தை எட்டிப் பாத்து, "அண்ணே, ஒரு வாளி எறைச்சுக் குடுங்க. கிணத்துத் தண்ணி குடிச்சு எவ்ளோ நாளாச்சு"ன்னாங்க.

"வேணாம்மா, வாயில வைக்க முடியாது"ன்னேன். வீடு தேடி வந்தவங்க தண்ணி கேட்டு நான் இல்லன்னு சொன்னது அதுதான் முதல் தடவை.

கொஞ்ச நேரம் அந்தம்மா பேசல. அப்புறம், "எங்கப்பா தோல் ஷாப்புலதான் இருந்தாரு. சுண்ணாம்புக் குழியில நின்னு நின்னு காலெல்லாம் புண்ணு. அதுலதான் எங்க நாலு பேரையும் படிக்க வெச்சாரு"ன்னாங்க. நான் "வாங்கம்மா, உள்ள போலாம்"னு மட்டும் சொன்னேன்.

சாப்பாடு ஆனதும் மகள் டார்ட்டைத் தட்டுல வெச்சுக் கொண்டாந்தா. ஒரே வாயில போடற அளவுதான். பேச்சு சத்தம் நின்னு போச்சு. அந்தம்மா நாலு சாப்பிட்டுட்டு, "எந்த பேக்கரியில வாங்கினது?"ன்னு கேட்டாங்க. மகள் சன்னல் வழியா மரத்தைக் காட்டினா. எல்லாரும் எழுந்து போய் மரத்தடியில நின்னுட்டாங்க. போகும்போது அந்தம்மா முந்தானையில பத்துப் பழம். ஊறுகாய் போடறதுக்காம்.

மறுவாரம் மகள் வேலை முடிஞ்சு வரும்போது ஒரு டப்பா கொண்டாந்தா. அந்தம்மா வீட்டுக் கத்திரிக்காய்த் தொக்கு. "அண்ணனுக்கு"ன்னு சொல்லிக் குடுத்தாங்களாம்.

கூரைத் தண்ணி விழற எடத்துல இன்னொரு கன்னு வெச்சிருக்கேன். காய்க்க நாலு வருஷம் ஆகும். அதுக்குள்ள நீங்களும் ஒருநாள் வந்துட்டுப் போங்க. டார்ட்டுக்கு இப்ப இருக்கிற மரமே போதும்.