ராஜன் யார்?

துப்பறியும் கதைக்கு ஆயுள் குறைவு என்பர். கொன்றவன் யார் என்று தெரிந்துவிட்டால் கதை முடிந்தது. சாறு பிழிந்த கரும்பை மறுபடி எவர் மெல்லுவார்? புகைவண்டி நிலையத்தில் வாங்கி, ஊர் வந்து சேருமுன் படித்து முடித்து, இருக்கையிலேயே போட்டுவிட்டு இறங்கும் நூல்களில் பல துப்பறியும் கதைகளே. இந்தக் கணக்குப்படி பார்த்தால், 1954 ஏப்ரல் 13-ஆம் நாள் வெளிவந்த ‘அந்த நாள்’ என்னும் படத்தை நாம் என்றோ மறந்திருக்க வேண்டும். ஆனால் எழுபது ஆண்டுகள் கடந்த பின்னும் அது பார்க்கப்படுகிறது, பேசப்படுகிறது. முடிவு தெரிந்தவர்களே மீண்டும் பார்க்கிறார்கள். நான் மூன்று முறை பார்த்தேன். ஏன் என்று எண்ணிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

படத்தை இயக்கியவர் எஸ். பாலசந்தர். வீணை பாலசந்தர் என்று உலகம் அறிந்த அதே மேதைதான். அப்போது அவருக்கு வயது 27. நம் வளாகத்து ஆய்வு மாணவர் சிலரின் வயது! திரைக்கதையும் உரையாடலும் எழுதியவர் ஜாவர் சீதாராமன். துப்பறியும் அதிகாரி சிவானந்தமாக நடித்தவரும் அவரே. ஏ.வி.எம். நிறுவனம் தயாரித்தது. இசையே உயிராக வாழ்ந்த ஒருவர், ஒரு பாட்டுக்கூட இல்லாத படத்தை எடுத்தார் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். பாட்டு இல்லாத தமிழ்ப்படம் அதற்கு முன் வந்ததில்லை. ‘பராசக்தி’ வந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத காலம் அது. சிவாஜி கணேசனைக் காணக் கொட்டகைக்கு வந்த கூட்டத்துக்கு, படம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே அவர் சுடப்பட்டுச் சாவதைக் காட்டினார்கள். முதல் ஓட்டத்தில் படம் பெரிதாக ஓடவில்லை என்றால் அதில் வியப்பென்ன? பின்னர் தேசியத் திரைப்பட விருதுகளில் தகுதிச் சான்று கிடைத்தது. மக்கள் மீண்டும் திரும்பிப் பார்த்தனர்.

இருளும் நிழலும் குற்றமும் கலந்த அமெரிக்கப் படங்கள் சிலவற்றைக் கண்ட பிரெஞ்சு விமரிசகர்கள், 1946-இல் அவ்வகைக்கு ‘ஃபிலிம் நுவார்’ என்று பெயரிட்டனர். ‘கறுப்புப் படம்’ என்பது பொருள். ‘அந்த நாள்’ அவ்வகையைச் சேர்ந்தது. மாருதி ராவின் ஒளிப்பதிவில் வீட்டுச் சுவர்கூடச் சாட்சி சொல்ல வந்ததுபோல் நிழலோடு நிற்கிறது. ஆனால் நிழலழகு ஒன்றுக்காக ஒரு படம் எழுபது ஆண்டு நிற்காது.

கதையைச் சொல்லிவிடுகிறேன், சொல்வதால் கெட்டுவிடாத கதை என்பதுதானே என் கட்சி! 1943 அக்டோபர். சென்னை மீது ஜப்பானிய விமானம் குண்டு வீசிய நாள்கள். வானொலிப் பொறிஞன் ராஜன் தன் வீட்டில் சுடப்பட்டுக் கிடக்கிறான். சிவானந்தம் விசாரிக்கிறார். அடுத்த வீட்டுச் சின்னையா பிள்ளை, தம்பி பட்டாபி, தம்பி மனைவி ஹேமா, ஆடல் மங்கை அம்புஜம், மனைவி உஷா ஆகிய ஐவரும் ஆளுக்கொரு கதை சொல்கின்றனர். சொல்பவர் மாற மாற ராஜனும் மாறுகிறான். ஒருவர் கதையில் சொத்துத் தகராறு செய்யும் அண்ணன். இன்னொருவர் கதையில் காதலன். மற்றொருவர் கதையில் அன்புக் கணவன். அகிரா குரோசவாவின் ‘ராஷோமோன்’ (1950) படத்தை நினைவூட்டும் அமைப்பு இது. ஆனால் அங்கே உண்மை இறுதிவரை பிடிபடாமல் நழுவிவிடும். இங்கே பிடிபடுகிறது. ராஜன் நாட்டின் இரகசியங்களைப் பகைவனுக்கு விற்றவன். அதை அறிந்து தடுக்க முனைந்தவள் உஷா. துப்பாக்கி வெடித்தது அவள் கையில்.

பௌதிகம் படிக்கும் எனக்கு இந்த விசாரணை ஆய்வுக்கூடத்தை நினைவூட்டுகிறது. ஒரே கம்பியின் விட்டத்தை ஐவர் ஐந்து திருகு அளவிகளால் அளந்தால் ஐந்து எண்கள் வரும். ஐவரும் பொய்யர் அல்லர். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு சுழிப்பிழை உண்டு. அதைக் கழித்தால்தான் மெய்யளவு. சிவானந்தம் செய்வதும் அதுவே. தம்பியின் பேச்சிலிருந்து பண ஆசையைக் கழிக்கிறார். அம்புஜத்தின் பேச்சிலிருந்து அச்சத்தைக் கழிக்கிறார். மனைவியின் பேச்சிலிருந்து எதைக் கழிப்பது என்று தயங்குகிறார். அந்தத் தயக்கத்தில்தான் படம் துப்பறியும் கதையின் எல்லையைத் தாண்டுகிறது. ‘ராஜனைக் கொன்றது யார்?’ என்று தொடங்கிய கேள்வி, நமக்குத் தெரியாமலே ‘ராஜன் யார்?’ என்று மாறிவிடுகிறது. முன்னதற்கு விடை ஒரு பெயர். பின்னதற்கு விடை எளிதில்லை. அதனால்தான் மீண்டும் பார்க்கிறோம்.

ராஜன் கயவனாகப் பிறந்தவன் அல்லன், அறிவாளி. தன் திறமையைத் தன் நாடு மதிக்கவில்லை என்ற கசப்பு அவனுக்கு. அந்தக் கசப்பு நம்மில் எவருக்குப் புதிது? சென்ற ஆண்டு எனக்கு வரவேண்டிய உதவித்தொகை ஓர் அலுவலகத்தில் ஏழு மாதம் உறங்கிற்று. எழுதிய கடிதங்களுக்கு விடையில்லை. நேரில் போனால் ‘நாளை வா’. தேர்வுக் கட்டணத்துக்காக என் அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போனது. அந்த வாரத்தில்தான் படத்தை மூன்றாம் முறை பார்த்தேன். முன்னிரண்டு முறையும் ராஜனை வெறுத்த நான், அன்று அவன் பேச்சுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். தலையாட்டுகிறேன் என்று உணர்ந்தபோது உள்ளூர ஓர் அச்சம் எழுந்தது. நல்ல படம் என்பது இதுதான் போலும்! குற்றவாளியைத் திரையில் காட்டி நம்மைக் கைதட்ட விடாமல், ‘நீ எவ்வளவு தூரத்தில் நிற்கிறாய்?’ என்று கேட்டுவிடுகிறது.

அன்று அம்மாவும் அப்பாவும் என்னுடன் பார்த்தார்கள். எங்கள் வீடு ரேணிகுண்டா நிலையத்துக்கு அருகில். அப்பா ஆரணியிலிருந்து பிழைப்புத் தேடி இங்கே வந்தபோது எனக்கு ஆறு வயது. இன்றும் ஒரு சிற்றுண்டிச் சாலையில் கணக்கெழுதுகிறார். படம் ஓட ஓட, “பாட்டு எப்படா வரும்?” என்று இரண்டு முறை கேட்ட அம்மா, அரைமணி நேரத்துக்குப் பின் கேட்பதை மறந்துவிட்டார். முடிந்ததும், “அந்தப் பொண்ணுதாண்டா பாவம், அவன் செத்துட்டான், அவ இருக்கணுமே!” என்றார். அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அவனையும் யாராவது ஒருத்தர் மதிச்சிருக்கலாம்” என்றார். ஒரே வீட்டில், ஒரே படத்துக்கு, இரண்டு தீர்ப்புகள். இரண்டும் சரியென்றே எனக்குப் பட்டது.

இன்னொன்றும் அன்று தோன்றியது. கடைத்தெருவில் எனக்கு ‘அரவப்பாயி’ என்று பெயர்; தமிழ்ப் பையன் என்பது பொருள். ஆரணிக்குப் போனால் ‘ஆந்திராக்காரன் வந்துட்டான்’ என்பார்கள் என் மாமன் மக்கள். வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, ஆய்வுக்கூடத்தில் மூன்றாவது மொழி. என்னைப் பற்றி ஐவரை விசாரித்தால் ஐந்து ஆள் கிடைப்பான்! அப்படியானால் என் நாடு எது, என் மக்கள் எவர்? ராஜன் தன் நாட்டை வெறுத்தபோது எதை வெறுத்தான்? மதிக்காத சிலரையா, குண்டு விழவிருந்த தெருவில் உறங்கிய எல்லாரையுமா?

1942 ஏப்ரல் 6-ஆம் நாள் ஜப்பானியர் விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் தாக்கினர். அந்த மாதம் சென்னையே கலங்கிற்று. மூட்டை முடிச்சுகளோடு மக்கள் உள்நாட்டு ஊர்களுக்கு ஓடினர். அன்று ரேணிகுண்டாவும் சென்னை மாகாணத்து ஊரே. எல்லைக்கோடு பின்னால் வந்தது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தது. விமானத்திலிருந்து விழும் குண்டு தமிழர் வீடு, தெலுங்கர் வீடு என்று பார்ப்பதில்லை. உஷா காக்க நினைத்தது வரைபடத்தை அன்று, அந்த வீடுகளை.

வெளிநாடு செல்ல விண்ணப்பித்திருக்கும் நண்பர்கள் இதைப் படித்து முகம் சுளிக்க வேண்டா. ஊரைவிட்டுப் போவது துரோகம் அன்று. அப்பா ஆரணியைவிட்டு வந்தார். அதனால் ஆரணிக்கு ஒரு கேடும் வரவில்லை. தகுதிக்கு மதிப்பு இல்லாத இடத்தைவிட்டு நீங்குவது ஒன்று. மதிக்காதவர்மேல் உள்ள கோபத்துக்கு, நம்மை அறியாதவர்களின் உயிரை விலை பேசுவது வேறொன்று. முதலாவதில் நியாயம் இருக்கலாம். இரண்டாவதில் எள்ளளவும் இல்லை. கசப்பு உண்மையாக இருக்கலாம். ஆனால் உண்மையான கசப்பு தவறான செயலைச் சரியாக்கிவிடாது. இதை உபதேசமாக யாராவது சொல்லியிருந்தால் அந்த ஏழு மாதத்தில் என் காதில் ஏறியிருக்காது. நிழலும் வெளிச்சமுமாகக் காட்டியதால் ஏறிற்று.

உதவித்தொகை வந்துவிட்டது. வளையலும் மீண்டது. விரைவில் ஆய்வுப் படிப்புக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். இங்கேயா, கடல் கடந்தா என்பதை இன்னும் தீர்மானிக்கவில்லை. எங்கே சென்றாலும் கோபத்தைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்படக் கூடாது என்பதை மட்டும் தீர்மானித்துவிட்டேன்.

மன்றத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஒரு சனிக்கிழமை மாலை இப்படத்தைத் திரையிடுங்கள். தெலுங்கு நண்பர்களையும் அழையுங்கள். அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் பொறுப்பு என்னுடையது. பாட்டு இல்லாத படம் அல்லவா? வேலை அவ்வளவு கடினமாக இராது.