கை மாறும் அழைப்பு

பந்தியிலே பரிமாறுபவர் மாறுவது புதிதன்று. சோறிட்டவர் அப்பாற் செல்லக் கறியிடுபவர் வருவார். முன்னவர் எதை இட்டார் என்பதைப் பின்னவர் இலையைப் பார்த்தே அறிந்துகொள்வார், விருந்தினரை வினாவுவதில்லை. தொலைபேசியிலோ பார்ப்பதற்கு இலை இல்லை. ஆகவே, அழைப்பொன்று கை மாறும்பொழுது முன்னர் நிகழ்ந்ததை யாரேனும் எடுத்துரைத்தல் வேண்டும்.

முற்காலத்தில் இப்பணியைத் தொலைபேசி இணைப்பாளர் செய்தனர். "இன்னார் இன்ன விடயமாகப் பேச விரும்புகிறார்" என்று உள்ளே அறிவித்த பின்னரே இணைப்பை வழங்கினர். இன்று பல கந்தோர்களில் முதலில் விடையிறுப்பது இயந்திரக் குரலே. மொழியைத் தெரியுமாறு அது கேட்கும். நாம் இலக்கத்தை அழுத்துவோம். 1963ஆம் ஆண்டு அமெரிக்காவில் பொதுமக்களின் பாவனைக்கு வந்த முறை இது. ஒவ்வோர் இலக்கமும் இரண்டு ஓசைகளின் சேர்க்கையாகச் செல்லும். இரண்டை அழுத்தினால் 697 ஹேர்ட்ஸ், 1336 ஹேர்ட்ஸ் எனும் இரு சுருதிகள் ஒருங்கே ஒலிக்கும். அவற்றைக் கேட்டே இயந்திரம் எம் விருப்பத்தை உணரும்.

எம் அயலில் வாழும் ஆச்சி ஒருவர் ஓய்வூதியம் பற்றி விசாரிக்கக் கந்தோர் ஒன்றை அழைத்தார். தமிழைத் தெரிந்தார். கண்ணாடியை அணிந்துகொண்டு நீண்டதோர் இலக்கத்தைத் தவறின்றி அழுத்தினார். மணி ஒலித்தது. மறுமுனையில் வந்த உத்தியோகத்தர் சிங்களத்தில் அவ்விலக்கத்தையே கேட்டார். "நான் சொன்னதெல்லாம் எங்கே போச்சுது, தம்பி?" என்று ஆச்சி எம்மை வினவினார். நியாயமான வினா அது.

பொறியியலாளர் இதனைக் 'குருட்டு மாற்றம்' என்பர். அழைப்பு சென்றது, செய்தி செல்லவில்லை. இக்குறை தவிர்க்க முடியாததன்று. அழைப்பு ஒவ்வொன்றுக்கும் அடையாள இலக்கம் ஒன்றை இட்டு, தெரிந்த மொழியையும் அழுத்திய இலக்கத்தையும் அதன் கீழ்ப் பதிந்து வைக்கலாம். மணி ஒலிக்கும்பொழுதே அவ்விவரம் உத்தியோகத்தரின் கணினித் திரையில் தோன்றும். பந்தியில் இலை ஆற்றும் பணியை இங்கே திரை ஆற்றுகின்றது.

மற்றொரு குறையும் உண்டு. சில அமைப்புகளில் இயந்திரம் அழைப்பை ஒப்படைத்த பின்னரும் விலகுவதில்லை. ஒரு வழியால் வந்த பேச்சு மறு வழியால் வெளியே திரும்பிச் செல்ல, முடியும்வரை இரண்டு வழிகளும் அடைபட்டிருக்கும். போய்த் திரும்பி வளையும் குழாயையுடைய ட்ரொம்போன் வாத்தியத்தின் பெயரால் இதனைக் குறிப்பர். இயந்திரத்தையும் தொலைபேசி அமைப்பையும் இணைக்கும் பாதையில் 30 பேச்சுவழிகள் இருப்பினும், இவ்வாறு மாற்றப்பட்ட 15 அழைப்புகளே அதனை நிரப்பிவிடும். பதினாறாமவருக்கு இடமில்லை. ஒப்படைத்ததும் இயந்திரம் விலகிக்கொள்ளும் முறைகள் உள. இணையவழித் தொலைபேசிக்கு அத்தகைய விதியொன்று 2003ஆம் ஆண்டிலேயே வெளியிடப்பட்டது. ஆயினும், மறுமுனையில் ஒருவர் எடுக்குமுன் விலகிவிடின் அழைப்பு அநாதையாகும். எவரும் எடுக்காவிடின் அழைப்பை மீளப் பெற்று, தெரிந்த மொழியிலேயே நிலைமையைக் கூறுதல் வேண்டும். மீண்டும் முதற் படிக்குத் தள்ளுதல் தகாது.

எமது நாட்டில் இது வெறும் வசதி பற்றிய விடயமன்று. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. தமிழ்க் குரலொன்றைப் பதிவு செய்தல் எளிது. அக்குரலுக்குப் பின்னே தமிழறிந்த ஒருவரை அமர்த்துவதே கடமை. தமிழைத் தெரிந்தவரின் அழைப்பு தமிழ் பேசுவோரின் வரிசைக்கே செல்லல் வேண்டும். அத்தகையவர் அவ்வேளை இல்லையெனில், அதனைத் தமிழிலே கூறி, திரும்ப அழைப்பதற்கு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளலாம்.

நாளை இத்தகைய அமைப்புகளை ஆக்கவிருக்கும் மாணவருக்கு ஒரு சொல். உங்கள் ஆக்கத்தை நீங்களே தமிழில் அழைத்துப் பாருங்கள். ஒரே செய்தியை எத்தனை முறை கூற நேர்ந்தது என எண்ணுங்கள். ஒன்றுக்கு மேற்படின் வேலை இன்னும் முடியவில்லை. ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்ல வைக்காமையும் ஓர் உபசாரமே.