ஸ்டேஷன் வேகனும் தொண்ணூத்தி நாலு சிப்பமும்

பி.காம். படிக்கிற பையன் வீட்டில் இருந்தால் ஒரு தொல்லை உண்டு மக்களே. யாராவது எதையாவது வாங்கக் கிளம்பினால் நோட்டும் பேனாவுமாகக் குறுக்கே வந்து நிற்பான். போன மார்கழியில் எங்கள் வீட்டில் அந்தத் தொல்லை அடியேன்தான்.

பாட்டிக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. பாபநாசம் பக்கத்து கிராமத்திலிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு மாதம் இரண்டு தடவை போகணும். வாடகைக் காருக்கு ஒரு தடவை 1,500 ரூபாய், வருஷத்துக்கு 36,000. அதைவிட, சின்னக் காரில் காலை மடக்கி உட்கார்ந்து வருவதற்குள் பாட்டி முகம் சுண்டிப்போகிறது. அப்போதுதான் அப்பாவின் பழைய வாத்தியார் ஒருவர் தன் ஸ்டேஷன் வேகனைக் கொடுக்கப்போவதாகத் தெரிந்தது. 2006 மாடல், பெட்ரோல், 85,000 ரூபாய். பின்சீட்டில் ஒரு பக்கத்தை மடக்கினால் பாட்டி காலை நீட்டிக்கொள்ளலாம். விதை மூட்டையும் ஏற்றலாம்.

ஒரே ஒரு சங்கடம். வண்டி சில நாள் காலையில் ஸ்டார்ட் ஆகாது. எல்லா நாளும் இல்லை, சில நாள். (இதுதான் ஆபத்தான வியாதி!)

ஸ்டேஷன் வேகன் என்றால் தெரியாதவர்களுக்கு: கூரை டிக்கி வரைக்கும் நீண்டு போகிற கார். நம்ம ஊரில் டாடா எஸ்டேட் 1992-லும் இண்டிகோ மெரினா 2004-லும் வந்தன. மாருதி பலேனோ ஆல்டுரா, ஃபியட் சியனா வீக்எண்ட் என்று இன்னும் சில. எதுவும் பெரிதாக ஓடவில்லை, இப்போது எதையும் புதிதாக வாங்க முடியாது. டிக்கி தனியாகத் துருத்திக்கொண்டு நிற்பதுதான் கௌரவம் என்று நம்மவர்கள் நினைத்ததால் வந்த வினை. அதனால் பழசு மலிவாகக் கிடைக்கிறது.

ஸ்பேர் கிடைக்குமா என்பதுதான் முதல் பயம். இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. மெரினாவின் இன்ஜின் இண்டிகோவில் இருந்ததுதான், ஆல்டுராவின் இன்ஜின் பலேனோவில் இருந்ததுதான். வேகனுக்கென்று தனியாக இருப்பது பின்கதவு, அதன் கண்ணாடி, பின்விளக்கு மாதிரி சாமான்கள்தான். அவை உடைந்தால் அலைய வேண்டும். இக்னிஷன் சாமானுக்கு அந்தப் பயம் குறைவு. (டாடா எஸ்டேட் டீசல் வண்டி. டீசலில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது, ஹீட்டர் பிளக்தான். அதன் கணக்கு வேறு.)

சரி, விஷயத்துக்கு வருவோம். கரந்தையில் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணனிடம் போய், "ஸ்டார்ட் ஆகலன்னா எவ்வளவு செலவாகும்ணே?" என்று கேட்டேன். "காய்ச்சல்னா எவ்வளவு செலவாகும்னு டாக்டர்கிட்ட கேப்பியா தம்பி?" என்றார். நியாயம்தான். பிறகு அவரே விரல் விட்டுச் சொன்னார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பிளக் நாலு: 800
பிளக் வயர் செட்: 1,500
கிராங்க் சென்சார்: 1,500
சாவி போடுகிற சுவிட்ச்: 2,500
இக்னிஷன் காயில்: 3,000
இன்ஜின் கம்ப்யூட்டர், அதாவது ஈசியு, ரீகண்டிஷன் பண்ணியது: 15,000

இது அவர் வாய்க்கணக்கு, ஊருக்கு ஊர் மாறும். ஆனால் பட்டியலைப் பாருங்கள். வியாதி ஒன்றுதான், "ஸ்டார்ட் ஆகல". பில் 800-ம் வரலாம், 15,000-ம் வரலாம்.

அப்பாவுக்கு இதை ரூபாயில் சொன்னால் ஏறாது என்று சிப்பத்தில் சொன்னேன். 2025-26 பருவத்தில் கொள்முதல் நிலையத்தில் பொதுரக நெல் குவிண்டால் 2,500 ரூபாய். ஒரு சிப்பம் 40 கிலோ. ஆக, ஒரு சிப்பம் சரியாக ஆயிரம் ரூபாய்! வண்டி 85 சிப்பம், காயில் மூணு சிப்பம், ஈசியு பதினைந்து சிப்பம். குறுவையில் வந்த பணத்தில் தாளடிச் செலவுக்கு ஒதுக்கியது போக கையில் இருந்தது நூறு சிப்பம். பதினைந்து என்றதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்து என் புத்தக அறிவைக் காட்டினேன். ஈசியு போயிருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், எதிர்பார்ப்பு மதிப்பு 15,000-ல் கால் பங்கு, 3,750 ரூபாய் என்றேன்.

"கால்வாசி கம்ப்யூட்டர் கடையில தருவானாடா?" என்றார் அப்பா.

பதில் இல்லை. நூறு வண்டி வாங்குகிற கம்பெனிக்கு அந்தச் சராசரி சரி. ஒரே ஒரு வண்டி வாங்குகிற வீட்டுக்கு ஒன்று பூஜ்ஜியம், இல்லையென்றால் பதினைந்தாயிரம். எங்களுக்கு வேண்டியது சராசரி இல்லை, என்ன வியாதி என்ற விவரம். அதுவும் வாங்குவதற்கு முன்னால். சரக்கு விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 16 படிக்கும்போது 'வாங்குபவரே எச்சரிக்கை' என்று பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். அர்த்தம் அன்றைக்குத்தான் புரிந்தது.

பார்த்துச் சொல்ல மட்டும் அண்ணன் 500 கேட்டார். "வாங்காத வண்டிக்கு எதுக்குடா செலவு?" என்று அப்பா இழுத்தார். அதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. வாத்தியார் வீட்டுக்கு மெக்கானிக்கைக் கூட்டிப்போவது அவரைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகாதா? ராத்திரி முழுக்க அப்பா இதையேதான் யோசித்தார். காலையில் அவரே போன் போட்டு, "சார், தப்பா எடுத்துக்காதீங்க, அம்மாவுக்கு அர்த்தராத்திரில அவசரம்னா வண்டி நிக்கக்கூடாது, அதான்" என்றார். "தாராளமா கூட்டிட்டு வாப்பா. நானே ராத்திரி முழுக்க ஸ்டார்ட் பண்ணாம வெச்சிருக்கேன்" என்று பதில் வந்தது.

அது பெரிய விஷயம் என்று அண்ணன் பிறகு சொன்னார். பழைய வண்டி பார்க்கப் போனால் முதலில் பானெட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டுமாம். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்னாலேயே யாரோ ஸ்டார்ட் பண்ணிவிட்டார்கள் என்று அர்த்தம்.

மார்கழிப் பனியில் காலை ஆறு மணிக்குப் போனோம். பானெட் ஜில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. "செல்ஃப் சுத்துதுல்ல, பேட்டரி பழி இல்லாம போச்சு" என்றார் அண்ணன். ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு இன்ஜின் மேல் வைத்து, மறுபடி சாவியைத் திருப்பச் சொன்னார். பொறி வரவில்லை. ஆக பெட்ரோல் கோளாறை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதல் குற்றவாளி இக்னிஷன். பிளக் வயரில் வெடிப்பு இருந்தால் பனி ஈரத்தில் கரண்ட் வழியிலேயே இறங்கிவிடுமாம். இருட்டில் பானெட்டைத் திறந்தால் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும் என்றார். வயரும் பழசுதான். ஆனால் நாலு சிலிண்டருக்கும் சேர்த்து அடியோடு பொறி இல்லையென்றால் காரணம் வேறு எங்கேயோ இருக்க வேண்டும்.

டார்ச் அடித்துக் கீழே குனிந்தவர் சிரித்தார். கிராங்க் சென்சாருக்குப் போகிற வயரின் தோலை எலி கடித்திருந்தது. உள்ளே செம்பு பச்சை பூத்து, நூலிழையில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பார்த்தேன். ஷெட்டை ஒட்டி ஆள் உயரத்துக்கு வைக்கோல்போர்! டெல்டாவில் எலி நெல்லை மட்டுமா தின்கிறது?

சென்சார் நன்றாக இருந்தது. ஈசியுவும் பிழைத்தது. வயரை வெட்டி ஒட்டுவதற்குக் கூலியோடு 1,200. பிளக்கும் பிளக் வயரும் புதுசு 2,300. மொத்தம் 3,500.

வாத்தியார் கொஞ்ச நேரம் வைக்கோல்போரையே பார்த்துவிட்டு, "என் எலிதானேப்பா கடிச்சது, எண்பது கொடு" என்றார். அப்பா ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை.

இப்போது கணக்கு. வகுப்பில் அக்கவுண்டன்சி சார் சொன்னது ஞாபகம் இருக்கா? பழைய மெஷின் வாங்கி, ஓட்டுவதற்கு முன்னால் செய்கிற ரிப்பேர் வருவாயினச் செலவு இல்லை, மூலதனச் செலவு. அதாவது அது மெஷினின் விலையிலேயே சேரும். ஐந்து மார்க்குக்கு மனப்பாடம் செய்த இந்த ஒரு வரிதான் பழைய வண்டி வாங்குவதன் முழு சூட்சுமம். ரிப்பேரை 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தனியாக நினைத்தால் வண்டி மலிவாகத் தெரியும். விலையோடு சேர்த்து எழுதினால்தான் உண்மை விலை.

இன்னொன்றும் சேர வேண்டும். சொந்தக் காருக்கு ஆர்.சி. 15 வருஷம், அதன்பின் ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்கணும். வாத்தியார் 2021-ல் புதுப்பித்தது 2026 மார்ச்சோடு முடிகிறது. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்புப்படி 20 வருஷம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 10,000 ரூபாய். வாங்குகிற அன்றைக்கே தெரிந்த செலவு இது.

80,000 + 500 + 3,500 + 10,000. ஆக, தொண்ணூத்தி நாலு சிப்பம். மீதி ஆறு சிப்பத்தைத் தொடக்கூடாது, தெரியாத கோளாறுக்கு. இன்சூரன்ஸ் வருஷச் செலவு, அது தனி. ஒருவேளை ஈசியு போயிருந்தால்? வண்டி விலை குறையாவிட்டால் நூறைத் தாண்டியிருக்கும், தாளடிப் பணத்தில் கை வைத்திருப்போம். அப்படியென்றால் 500 ரூபாயோடு திரும்பி வந்திருப்போம். அந்த 500 நஷ்டம் இல்லை என்று அப்பா இப்போது ஊரெல்லாம் சொல்கிறார், ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி :-)

தை மாதம் பாட்டியைக் காலை நீட்டி உட்கார வைத்து முதல்முறை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. ஆனாலும் சாவியைத் திருப்பும்போது அப்பா மூச்சை அடக்கிக்கொள்கிறார். இன்றைக்கும் அப்படித்தான். அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பி.கு: வண்டி இப்போது நிற்பது வைக்கோல்போருக்கு எதிர்ப்பக்கம்.